நாரைக்கடையில் செவ்வாய்க்கிழமை

மே 4, 2025, ஞாயிறு

என் மகள் அஞ்சலிக்குக் கதைப்புத்தகம் அலுத்துவிட்டது. இப்போது கைப்பேசியில் இருக்கும் லீட்ரிம் பட்டியல்தான் வேண்டும். அயர்லாந்தில் அவள் அப்பா சமையல் வேலை பார்க்கிற கவுண்டி, அதாவது மாவட்டம், அது. அங்கே சென்ற வருடம் விருது வாங்கிய சாப்பாட்டுக் கடைகளின் பட்டியல். சிறந்த காலைச் சாப்பாடு, சிறந்த மீன் சூப், கணப்பு மூட்டிய சிறந்த பப், ஏரிக்கரையில் சிறந்த காப்பி. நான் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் கதையாக்கிச் சொல்கிறேன். "ஒரு ஊர்ல ஒரு காப்பிக்கடை இருந்துச்சாம். ஜன்னல் வழியா ஒரு மாடு எட்டிப் பார்த்துச்சாம்." மாடு பட்டியலில் இல்லை, படத்தில் இருக்கிறது. அஞ்சலிக்கு அந்த மாடுதான் முக்கியம்.

ஐந்தாவதாக வருவது அவள் அப்பா கடை. பலகையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை வரைந்திருப்பதால் எங்கள் வீட்டில் அது நாரைக்கடை. "கிராமத்துச் சாப்பாட்டுக்குச் சிறந்த இடம்… நாரைக்கடை!" என்றால் அவள் கை தட்ட வேண்டும். தட்டுகிறாள். ஆனால் அப்பா என்பவர் யார் என்று அவளுக்குத் தெரியுமா? ஸ்டீவன் போனபோது அவளுக்கு வயது ஒன்று, மாதம் இரண்டு. இப்போது இரண்டரையை நெருங்குகிறாள்.

நாற்பது வீடு இல்லாத ஊராம் அது. அங்கே விருது வாங்கும் கடை! இங்கே க்யிம்யிண்டைங்கில் எங்கள் தெருவில் மட்டும் பத்து தேநீர்க்கடை, ஒருவருக்கும் ஒரு விருதுப் பலகையும் யாரும் தந்ததில்லை.

இந்த வருடமும் நாரைக்கடை கடைசிச் சுற்றில் இருக்கிறது. நடுவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண ஆட்களைப் போல வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். அந்தப் பரபரப்பு அடங்கியதும் முதலாளியம்மா ப்ரீடா எங்களுக்காகக் கடிதம் எழுதித் தருவார். ஸ்டீவன் ஒரு வருடம் முடித்துவிட்டார், நல்ல வேலைக்காரர், மனைவியும் குழந்தையும் வந்து சேர அனுமதி கொடுங்கள் என்று. அந்தக் கடிதம் இல்லாமல் எங்கள் விண்ணப்பம் வெறும் காகிதம்.

ஜூனில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூன். ஜூன். ஜூன்.

மே 6, செவ்வாய்

மின்சாரம் மாலையிலேயே வந்துவிட்டது. அத்தை மூன்று நாள் துணியையும் ஒரே மூச்சில் இஸ்திரி போட்டு முடித்தார்கள்.

அத்தை என்றால் ஸ்டீவனின் அம்மா, மக்தலேனா. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்ட். இப்போதும் யாராவது பேசினால் மடியில் விரல்கள் தட்டச்சடிக்கும். நான் எழுதுவதைப் பார்த்து, "என்னத்த இப்படி எழுதிக் குமிக்கிறே? ஒன் அப்பா ஒனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததே தப்பு" என்கிறார்கள். ஆனால் நோட்டு தீர்ந்தால் வாங்கி வருவதும் அவர்கள்தான்.

இன்று செவ்வாய் அல்லவா, ஸ்டீவன் அடுப்படியிலிருந்தே கூப்பிட்டார். நாரைக்கடையில் செவ்வாய் மாலை திறப்பதற்கு முன் வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அன்றைக்கு யாராவது ஒருவர் தன் ஊர்ச் சமையல் செய்ய வேண்டும். இந்த மாதம் ஸ்டீவன் முறை. போன தடவை, அவர்கள் தூக்கி எறியும் காலிஃபிளவர் இலையையும் மீன் தலையையும் வைத்துக் குழம்பு செய்தார். "கோ, தலையைப் போய் எறிவாங்களா, அதுல தானே ருசி" என்று சொன்னது நான்தான். (அவரை நான் பர்மிய வழக்கப்படி கோ என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மா அப்பாவை அப்படிக் கூப்பிட்ட பழக்கம்.) ப்ரீடாவின் அப்பா டெனிஸ், எண்பத்தொரு வயது, இரண்டு தட்டு சாப்பிட்டாராம். தட்டில் மீனின் கண்ணைப் பார்த்து, "இவனை எனக்குத் தெரியும், ஏரியில் என் தூண்டிலை அறுத்துக்கொண்டு போனவன்" என்றாராம்.

மே 13, செவ்வாய்

இன்று எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

ஸ்டீவன் கூப்பிட்டபோது முகம் தொங்கிக் கிடந்தது. வாங்கி வைத்த மீன் நடுவர்களுக்காக ஒதுக்கியாகிவிட்டதாம், தொடக்கூடாதாம். ப்ரீடா டவுனுக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, என்ன செய்வது? கைப்பேசியைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். மேசை மேல் ஒரு பெரிய இலைக் குவியல். சிவந்த தண்டு, பச்சை இலை.

"அது என்ன கோ?"

"இது ருபார்ப். டெனிஸ் தோட்டத்துலேர்ந்து கொண்டாந்து போட்டாரு. தண்டைச் சர்க்கரை போட்டு இனிப்பு செய்வாங்க. செம புளிப்பு."

"எலையை?"

"தூரப் போட்டுருவாங்க."

நான் சிரித்தேன். சிவந்த தண்டு, புளிப்பு. பர்மியத்தில் சிம்பவுங் என்கிற நம் புளிச்சக்கீரைதானே! புளிச்சக்கீரையில் இலையை ஆய்ந்துகொண்டு தண்டைத்தான் எறிவோம், இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். "மீன் தலையை எறியற ஆளுங்க தானே" என்றேன். "நுனியைக் கடிச்சுப் பாருங்க." கடித்தார். "புளிக்குது மாலா! அதே தான்!" அந்த முகம்! கீரை ஒன்று கிடைத்ததற்கு இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டால் நான் என்ன செய்வேன்? பொடியாக அரிந்து, பூண்டு, பச்சை மிளகாய், டப்ளினிலிருந்து வாங்கி வைத்திருந்த உலர்ந்த கூனி இறால் போட்டு வதக்கச் சொன்னேன். புளிப்பு அதிகமென்றால் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். சட்டியைத் திறந்து காட்டினார். என் அம்மா த்வாண்டே வீட்டில் வதக்குவது போலவே கரும்பச்சையாக இருந்தது.

ஐயாயிரம் மைலுக்கு அப்பால் என் சமையல்.

மே 14, புதன்

கூப்பிடவில்லை. நடுவர்கள் வந்திருப்பார்களோ?

மே 15, வியாழன்

பதினோரு செய்தி அனுப்பிவிட்டேன். பார்த்ததாக அடையாளம் விழவில்லை. இணையத் தடையைத் தாண்ட நாங்கள் போடும் வி.பி.என். கோளாறா, அவர் கைப்பேசியா? அத்தை, "சிக்னல் இருக்காது, நீ சும்மா அதையே பாத்துக்கிட்டு நிக்காதே" என்றார்கள். அவர்களும் சமையலறையில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அஞ்சலி பட்டியல் கேட்டாள். ஐந்தாவது கடை வந்தபோது என் குரல் சரியாக இல்லை. அவள் கை தட்டவில்லை.

மே 16, வெள்ளி

எழுத வேண்டும். எழுதினால்தான் நெஞ்சிலிருந்து இறங்கும்.

மதியம் கூப்பிட்டார். முகம் வெளுத்து, உதடு வெடித்து. முதலில், "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்த வார்த்தையை இப்படி முதலில் சொல்பவருக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த இலை விஷம்.

ருபார்ப் தண்டைச் சாப்பிடலாம், இலையைச் சாப்பிடக்கூடாது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். அதனால்தான் யாரும் யாருக்கும் சொல்வதே இல்லை. கடைக்கு வரும் ருபார்ப் எப்போதும் இலை வெட்டித்தான் வரும், அன்றுதான் டெனிஸ் தோட்டத்திலிருந்து இலையோடு வந்திருக்கிறது. அரிந்து வதக்கினபின் எது என்ன கீரை என்று யார் கண்டது? ஸ்டீவன் "எங்க ஊர் புளிக்கீரை" என்று சொல்லியிருக்கிறார், அவர்களும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். பரிமாறுகிற பெண், பாத்திரம் தேய்க்கிறவர், ஸ்டீவன், டெனிஸ். எல்லாருக்கும் அன்று இரவே வாந்தி, வயிற்றுவலி. மற்ற மூவரும் மறுநாள் எழுந்துவிட்டார்கள்; என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஸ்டீவன் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தாராம்.

டெனிஸ் எழவில்லை. அவர்தான் அன்றும் இரண்டு தட்டு சாப்பிட்டவர். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

"ப்ரீடாகிட்ட என்ன சொன்னீங்க கோ?"

"நான் தான் தப்பா நெனச்சுட்டேன்னு சொன்னேன். ஒன் பேரு எதுக்கு?"

அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த அம்மாவுக்கு நான் அப்பாவைக் கொன்றவளாகிவிடுவேனே — இங்கே உட்கார்ந்துகொண்டு — இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னேனே, மீன் தலையை எறிகிற ஆட்கள் என்று —

அஞ்சலி அழுகிறாள்.

மே 17, சனி

நான் தாவரவியல் படித்தவள். மூன்று வருடம் இலை இலையாகப் பிரித்துப் படம் வரைந்து பட்டம் வாங்கியவள். புளிச்சக்கீரை செம்பருத்திக் குடும்பம். அதன் இலை கைவிரல் மாதிரிப் பிரிந்திருக்கும். அந்த இலை அகலமாக, நரம்பு தடித்து, யானைக்காது போல இருந்தது. கைப்பேசியில் படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இல்லை. இலை நன்றாகவே தெரிந்தது. நான் பார்த்தது இலையை அல்ல, அவர் முகத்தை. ஊர்ச் சாப்பாடு கிடைக்காமல் வாடின முகத்தை.

புளிப்பு என்றால் என்ன, எந்த அமிலம், அதை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. பரீட்சையில் வந்த கேள்வி அது.

மே 18, ஞாயிறு

அத்தையோடு கோயிலுக்குப் போனேன். நான் கிறிஸ்தவள் இல்லை, ஆனாலும் போனேன். டெனிஸ் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். "முழுப் பேரு என்னா?" என்று அத்தை கேட்டார்கள். தெரியவில்லை. "நாரைக்கடை டெனிஸ்னு சொல்லுங்க, சாமிக்குத் தெரியும்" என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோயிலுக்குள்ளேயே. உடனே சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் சொன்னேன், ப்ரீடாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. அத்தை நின்றுவிட்டார்கள்.

"அவன் பாரத்தை அவன் ஏத்துக்கிட்டான். நீ எதுக்கு எறக்கப் போறே? பொய்யா சொல்றோம்? சும்மா தானே இருக்கோம்."

வாரம் தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற அத்தையா இது?

மே 20, செவ்வாய்

செய்தி இரண்டு.

டெனிஸுக்குச் சிறுநீர் பிரிய ஆரம்பித்திருக்கிறது. மருத்துவர்கள் "பார்க்கலாம்" என்கிறார்களாம். "பார்க்கலாம்" என்றால் நல்லதா?

சமையலறையை மூன்று நாள் மூடி, சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்துத் திறந்திருக்கிறார்கள். இரண்டாவது செய்தி அதைவிடக் கனம். விருதுக் குழுவுக்கு ப்ரீடா தானே எழுதிவிட்டாராம், எங்கள் சமையலறையில் இப்படி நடந்தது, இந்த வருடம் எங்களை எடுத்துவிடுங்கள் என்று. யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டது வாடிக்கையாளர்களும் இல்லை. அவரே எழுதினார். நான்கு வருடம் தொடர்ந்து வாங்கிய பலகை. சுவரில் ஐந்தாவதற்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தார்களாம்.

ஸ்டீவன்தான் சொன்னார். "என்னைத் திட்டியிருந்தா தேவலை மாலா. ஒண்ணுமே சொல்லலை. வெங்காயத்தை அந்தப் பக்கம் வைங்கறாங்க, உப்பு போதுமாங்கறாங்க. அவ்ளோ தான். கத்தியைப் புடிச்சா எதை வெட்டறோம்னு பயமா இருக்கு."

"கோ, நான் சொல்லிடறேன்."

"வேணாம்."

"எனக்குத் தூக்கம் வரலை கோ."

"கேளு. கடிதம் குடுக்கப்போறதே அவங்க. யாரைக் கூட்டிட்டு வர்றதுக்குக் கடிதம்? ஒன்னை. அந்த ஒன்னாலதான் இதுன்னு தெரிஞ்சா எழுதுவாங்களா? என் மேல கோவம்னா இன்னொரு வருஷம் வேலை செஞ்சு ஆத்திடுவேன். ஒன் மேல கோவம்னா நான் என்ன செய்ய முடியும்?"

அவர் சொல்வது நியாயம். அதுதான் பயமாக இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் ஜூனில் கடிதம் வரலாம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, நான்தான் மாலா என்று சிரிக்க வேண்டும். டெனிஸ் எழுந்து வந்து கை கொடுப்பார்.

முடியுமா என்னால்?

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன்.

குரல் செய்தியாக, ஆங்கிலத்தில். ஆறு தடவை பதிவு செய்தேன். முதல் தடவை அழுகை. இரண்டாவதில் அஞ்சலி. மூன்றாவதில் ஜெனரேட்டர் சத்தம். ஆறாவதில் அழாமல் சொன்னேன். என் பெயர் மாலா, ஸ்டீவனின் மனைவி. இலையைச் சமைக்கச் சொன்னது நான். இலையை எறிவார்கள் என்றுதான் அவர் சொன்னார், நான் சிரித்துத் தைரியம் கொடுத்தேன். என் ஊரில் ஒரு கீரைக்கு இலை உணவு, தண்டு குப்பை, அதையே உங்கள் ஊர்ச் செடிக்கும் நினைத்துவிட்டேன். உங்கள் அப்பாவிடம் மன்னிப்பு கேட்கிறேன். கடிதத்தைப் பற்றி நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி, ஸ்டீவனை மட்டும் வேலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியபின்தான் அத்தை வாசலில் நிற்பது தெரிந்தது. மிஷன் பள்ளி ஆங்கிலம், ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மடியில் விரல்கள் எதையோ அடித்துக்கொண்டிருந்தன.

"கடிதம் வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருப்பீங்கல்ல?"

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"சொல்லாதேன்னு அன்னிக்குச் சொன்னேன்ல, அது ஒங்களுக்காக. இப்ப நீ சொன்னதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்துருச்சு மாலா. கடிதம் வராதுன்னு. அது எனக்காக." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். "ஆண்டவரே, ரெண்டையும் நான்தான் நெனச்சேன்."

அவர்களைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் தடவை.

மே 23, வெள்ளி

ப்ரீடா கேட்டுவிட்டார். அடையாளம் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

மே 24, சனி

இல்லை.

ஸ்டீவனிடம் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அப்புறம், "ஒன்னைக் கட்டிக்கிட்டப்பவே தெரியும்" என்றார். திட்டா, பாராட்டா? கேட்கவில்லை.

மே 26, திங்கள்

ப்ரீடா கூப்பிட்டார். வீடியோவில். நான் அஞ்சலிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பருப்பு.

நரைத்த முடி, சிவந்த கன்னம், ஏப்ரன். முகவுரை ஒன்றும் இல்லை. "நான் நான்கு நாள் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது, கோபத்தில் தொலைபேசியை எடுக்கக்கூடாது என்பது என் அம்மா வைத்த சட்டம்" என்றார். சரி என்றேன். "மூன்று இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கினேன்" என்றார். சரி என்றேன்.

அப்புறம், "நீ என்ன படித்தாய்?" என்று கேட்டார்.

"பாட்டனி" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்! ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். உள்ளே திரும்பி, "அப்பா, அவள் தாவரவியல் பட்டதாரியாம்!" என்று கத்தினார். உள்ளேயிருந்து ஒரு கிழவரின் இருமல். டெனிஸ். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்துவிட்டார்! இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் அந்த அம்மா!

டெனிஸ் உள்ளேயிருந்தே ஏதோ சொன்னார். ப்ரீடா மொழிபெயர்த்தார்; டெனிஸ் பேசியதும் ஆங்கிலம்தான், ஆனால் எனக்குப் புரியவில்லை. கீரை ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை என்கிறாராம்.

பிறகு ப்ரீடா முகம் மாறியது. "ஒன்று கேட்கிறேன், உண்மையாகச் சொல். ஸ்டீவனுக்கு நீ வேறு என்னவெல்லாம் சமைக்கச் சொல்லியிருக்கிறாய்? எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. ஒன்றும் விடாமல்."

கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 27, செவ்வாய்

எழுதினேன். பதினான்கு மாதத்தில் நான் சொல்லிக் கொடுத்த எல்லாம். காலிஃபிளவர் இலை. மீன் தலை. பூசணிக் கொடியின் கொழுந்து. முள்ளங்கி இலை. தர்பூசணித் தோலின் வெள்ளைப் பகுதி. கோழிக் கழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் வேகவேண்டும். கோழிக் கழுத்துக்குத் தாவரவியல் பெயர் இல்லை என்று எழுதிவிட்டு அடித்தேன். அப்புறம் மறுபடி எழுதினேன். அந்த அம்மா சிரிக்கட்டும்.

அத்தை தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பிழை ஒன்று கிடையாது. ஸ்கேல் வைத்ததுபோல் நேரான ஓரங்கள்.

ஜூன் 9, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

ப்ரீடா என் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாராம். ஸ்டீவன் படம் அனுப்பினார். அதற்குக் கீழே ப்ரீடா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இதில் இல்லாத எதையும் யாரும், எந்த நாட்டுக்காரரானாலும், ப்ரீடாவைக் கேட்காமல் சட்டியில் போடக்கூடாது.

"இப்ப வெங்காயம் வெட்டும்போது பயம் இல்லை" என்றார் ஸ்டீவன். "நேத்து அவங்க திட்டினாங்க மாலா! அடுப்பை அணைக்க மறந்துட்டேன்னு நல்லாத் திட்டினாங்க!"

திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? — யாரைக் கேட்கிறேன்?

ஜூன் 30, திங்கள்

ஜூன் முடிந்தது. கடிதம் இல்லை.

ஸ்டீவனிடம் "கேளுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கமாட்டார். எந்த முகத்தோடு கேட்பது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்துவிட்டது. மின்னஞ்சலில், இரண்டு பக்கம். நாலு தடவை படித்தேன், அத்தை ஒரு தடவை சத்தமாகப் படித்தார்கள்.

ப்ரீடா எதையும் மறைக்கவில்லை. மே மாதம் நடந்ததைத் தேதியோடு எழுதியிருக்கிறார். அதை ஸ்டீவன் அன்றே ஒப்புக்கொண்டதையும், அவர் மனைவி, தனக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே, தானாக ஒப்புக்கொண்டதையும். தாமதத்துக்குக் காரணம் தன் அப்பாவின் உடல்நிலை என்றும் எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தி அதிகாரிகளுக்கு எழுதுவது மாதிரியே இல்லை. இந்தக் கவுண்டியில் விருதுப் பலகை மாட்டிய கடைகள் நிறைய உண்டு, பொய் சொல்லாத சமையற்காரர் கிடைப்பது கஷ்டம், இவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இவர் குடும்பம் இங்கே வரவேண்டும், என்று.

"இப்படியெல்லாம் ஆபீசுக்கு எழுதக்கூடாது" என்றார்கள் அத்தை. முப்பது வருட டைப்பிஸ்ட். "விஷயத்தைப் போட்டு ஒடைச்சுட்டாளே. நடந்ததை எதுக்கு எழுதணும்?"

எனக்கும் பயம்தான். அதிகாரி இதைப் படித்துவிட்டு, விஷம் வைத்தவளா என்று ஒதுக்கிவிட்டால்?

ஆனால் இந்தக் கடிதத்தைத்தான் அனுப்புவேன். வேறு கடிதம் கேட்கமாட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இந்த வருடப் பட்டியல் வந்திருக்கிறது. அஞ்சலியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சிறந்த மீன் சூப் வேறு கடைக்குப் போயிருக்கிறது. காப்பிக்கடை அப்படியே இருக்கிறது, மாடு இல்லை. கிராமத்துச் சாப்பாட்டுக்குச் சிறந்த இடம் — ஆற்றங்கரையில் ஏதோ ஒரு புதுக் கடை, அழகான மர மேசைகள்.

"அப்பா கடை?"

"இந்த வருஷம் அவங்க லீவு கண்ணு."

"ஏன்?"

"அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவள் யோசித்தாள். "சாரி சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப சரி" என்று பக்கத்தைத் தள்ளினாள். சிறந்த ரொட்டிக்கடைக்குக் கை தட்டினாள்.

நாங்கள் விண்ணப்பித்து ஏழு வாரம் ஆகிறது.

டிசம்பர் 11, வியாழன்

அனுமதி.

அத்தை மண்டியிட்டார்கள். நான் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவர்கள்தான் எழுந்து அடுப்பை மூட்டினார்கள்.

ஜனவரி 25, 2026, ஞாயிறு

நாளை மறுநாள் விமானம்.

அத்தை நாளை காலை கியாக்தானுக்குப் போகிறார்கள், ஸ்டீவனின் தங்கை வீட்டுக்கு. அவளும் மாப்பிள்ளையும் வந்து பீரோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. எங்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வரமாட்டார்களாம். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டறதெல்லாம் எனக்கு வேணாம். நான் மொதல்ல போயிடறேன். அப்ப நீங்க தான் என்னை வழியனுப்பினதா ஆகும்."

அஞ்சலியின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்கள்: "அன்னிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்னு சொன்னேன்ல. அதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்."

"சாமியார் என்ன சொன்னாரு?"

"அது பாவமில்லம்மா, அது பாசம்னாரு. அவருக்கு என்ன தெரியும்? சின்னப் பையன்." கோபமாக ஒரு சட்டையை உதறினார்கள். அந்த ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு, லீட்ரிம்

வந்து பதினொரு நாள். இன்றுதான் நோட்டை எடுக்கிறேன்.

மழைதான். ஆனால் இந்த மழை விழுவதில்லை, தொங்குகிறது. கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ப்ரீடா முதல் நாளே ரொட்டியும் வெண்ணெயும் கொண்டு வந்து வைத்துவிட்டு, அணைக்காமல், கை மட்டும் குலுக்கிவிட்டுப் போனார். டெனிஸ் நேற்று குச்சி ஊன்றி வந்து கதவருகே நின்றார். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன், ஆங்கிலம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. அவர் கையை உயர்த்தித் தடுத்து, செவ்வாய்க்கிழமை என்ன சமைக்கப்போகிறாய் என்று கேட்டார். பருப்பும் சோறும் என்றேன். வெறும் பருப்பா என்று முகம் சுளித்தார். அவ்வளவுதான், உட்காராமல் போய்விட்டார்.

அஞ்சலிதான் கவலை. ஸ்டீவனோடு பகலெல்லாம் விளையாடுகிறாள், மேலேறிக் குதிக்கிறாள். இருட்டியதும் என் காதில், "இவங்க எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்கிறாள். முந்தாநாள் அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அவர் சிரித்தார். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

இன்று ஞாயிறு, கடையில் கூட்டம், அவர் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அஞ்சலிக்குச் சோறு ஊட்டிப் படுக்கையில் விட்டேன். காற்று கதவை ஆட்டிக்கொண்டே இருந்தது. அவரிடம் சாவி இருக்கிறது, பூட்டிவிடலாம் என்று எழுந்து போனேன்.

"பூட்டாதேம்மா" என்றாள் படுக்கையிலிருந்து. "இன்னும் ஒரு ஆளு வரலை."